வைரஸ் ஜீரோ... பார்க்காதது 47!

2022 மார்ச் 29, செவ்வாய்க்கிழமை. கணக்கு எழுதிப் பிழைப்பவர்களுக்கு மார்ச் மாசக் கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று பி.காம். படித்த புண்ணியவான்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கல்யாணத்தில் சமையல்காரராக இருந்து பாருங்கள். கிட்டத்தட்ட அப்படி!

அடியேன் அப்போது மண்ணடிப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் வாரத்தில் மூன்று நாள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். (பத்திரிகைக்கு எழுதி மட்டும் வீட்டு வாடகை கொடுக்க முடியாது என்பது ஆசிரியருக்கும் தெரியும். வெளியே சொல்ல மாட்டார்.) பம்ப்செட் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கி விற்கும் கம்பெனி. ஐந்து கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு முதலாளி.

காலை பத்து மணிக்கு சிஸ்டம் தம்பி வேகமாக வந்தார். வாரம் ஒரு தடவை வந்து ஐந்து கம்ப்யூட்டர்களுக்கும் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகிறவர்.

"சார், நேத்து ராத்திரி ஃபுல் ஸ்கேன் போட்டுட்டுப் போனேன். இதைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். ஆன்ட்டி வைரஸ் தன் ரிப்போர்ட்டை நீட்டியிருந்தது. கண்டுபிடித்த வைரஸ்: 0. ஸ்கேன் செய்ய முடியாத ஃபைல்கள்: 47.

"ஜீரோதானேப்பா? அப்புறம் என்ன?"

"அது சரி சார்... இந்த நாப்பத்தேழு?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த முதலாளிக்கு 'வைரஸ்' என்ற வார்த்தை மட்டும் கேட்டுவிட்டது. எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"பார்க்க முடியலைன்னா என்னய்யா அர்த்தம்? ஒளிஞ்சிட்டிருக்குன்னு அர்த்தம். போலீஸைக் கண்டா எவன் ஒளிவான்? திருடன்! அத்தனையும் அழிச்சிடு."

சிஸ்டம் தம்பி உத்தரவை நிறைவேற்றப் பார்த்தார். பட்டியலில் முதல் ஆசாமி 'பேஜ்ஃபைல் டாட் சிஸ்'. அழியவில்லை. 'இது வேறு ஒரு புரோகிராமின் உபயோகத்தில் இருக்கிறது' என்று விண்டோஸ் கையை விரித்தது.

"விடமாட்டேங்குது சார். கெட்டியா புடிச்சுக்கிட்டிருக்கு. கண்டிப்பா வைரஸ்தான்!"

ஆக, அன்றைக்கு மத்தியானம் வரை நாங்கள் மூன்று பேரும் அந்த நாற்பத்தேழின் ஜாதகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே நேரத்தில், நாலாவது டேபிளில், வேலைக்குச் சேர்ந்து நாலே மாசமான ஜூனியர் பையன் ஒரு மெயிலைத் திறந்துகொண்டிருந்தான். அந்தச் சங்கதிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நாற்பத்தேழு.

ஆன்ட்டி வைரஸ் செய்கிற வேலையைப் பெரிய மந்திரம் என்று நினைக்காதீர்கள். ஒரு ஃபைலைத் திறக்கிறது, படிக்கிறது, தன்னிடம் இருக்கிற கேடிகளின் அங்க அடையாளங்களோடு ஒப்பிடுகிறது. அடையாளம் பொருந்தாவிட்டாலும் நடை, பாவனையில் சந்தேகம் வருகிறதா என்று பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் முதல்படி, ஃபைலைத் திறந்து படிப்பது. அது நடக்காவிட்டால் அதனால் ஒன்றுமே சொல்ல முடியாது.

இதை என்னைப் போன்ற காமர்ஸ்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். ஆடிட்டர் வருகிறார். "ஸ்டாக் ரூமைத் திறங்க" என்கிறார். "சாவி எம்.டி.கிட்ட இருக்கு சார். எம்.டி. திருப்பதி போயிருக்கார்" என்கிறோம். ஆடிட்டர் என்ன எழுதுவார்? 'ஸ்டாக் சரியாக இருக்கிறது' என்று எழுத மாட்டார். 'திருடிவிட்டார்கள்' என்றும் எழுத மாட்டார். விஷயம் பெரிசாக இருந்தால், 'பார்க்க வழியில்லை, ஆகவே கருத்துச் சொல்வதற்கில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். எங்கள் பாஷையில் இதற்கு டிஸ்க்ளெய்மர் ஆஃப் ஒப்பீனியன் என்று பெயர்.

'ஸ்கேன் செய்ய முடியவில்லை' என்பது அந்த ரகம். முதலாளி அதைத் 'திருடன்' என்று படித்தார். நான் பக்கத்திலிருந்த ஜீரோவை மட்டும் படித்தேன். இரண்டு பேரும் பாஸ் மார்க் வாங்கவில்லை. என்னுடைய தப்பு கொஞ்சம் கூட. நான்தானே பி.காம்.!

நாற்பத்தேழில் முப்பத்தெட்டு, விண்டோஸின் சொந்தப் பிள்ளைகள். அந்த பேஜ்ஃபைல் என்பது மெமரியில் இடம் போதாதபோது விண்டோஸ் வழித்து ஊற்றி வைக்கிற அண்டா. 'ஹைபர்ஃபில் டாட் சிஸ்' என்று ஒன்று இருக்கும். லேப்டாப்பை ஹைபர்னேட்டில் போடும்போது மெமரியில் இருந்ததை அப்படியே மூட்டை கட்டி வைக்கிற இடம். இரண்டும் ஜிபி கணக்கில் கொழுத்திருக்கும். அப்புறம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'சிஸ்டம்32', அதற்குள் 'கான்ஃபிக்' என்று ஒரு அறை. அதில் 'சாம்', 'செக்யூரிட்டி', 'சிஸ்டம்' என்று சில ஃபைல்கள். விண்டோஸின் பேரேடு இவைதான். கம்ப்யூட்டரைப் போட்டதிலிருந்து அணைக்கிற வரைக்கும் விண்டோஸ் இவற்றைக் கையை விட்டு இறக்காது. இன்னொருவர் தொடவும் விடாது.

சலூனில் கத்தி கழுத்தில் இருக்கும்போது, "அண்ணே, அந்தக் கத்தியைக் கொஞ்சம் குடுங்க, சாணை பிடிச்சிருக்கான்னு பார்க்கறேன்" என்று கேட்பீர்களா? கேட்டால்தான் அவர் கொடுப்பாரா? அந்தக் கதைதான். இந்த மாதிரி ஃபைல்களைப் பார்க்க முடியவில்லை என்பதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மனசு கேட்கவில்லை என்றால், விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே ஸ்கேன் செய்கிற வசதி இருக்கிறது. விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரிலேயே 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று கொடுத்திருக்கிறார்கள். அதைத் தட்டினால் கம்ப்யூட்டர் அணைந்து எழுந்து, கால் மணி நேரம் போலத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். மற்ற கம்பெனிகளும் பென் டிரைவில் போட்டு பூட் செய்கிற மாதிரி இலவசமாகத் தருகின்றன. கத்தி கழுத்தில் இல்லாத நேரத்தில் சாணை பார்க்கிற ஏற்பாடு.

ஆனால் அதே 'உபயோகத்தில் இருக்கிறது' பதில், 'டெம்ப்' ஃபோல்டரிலோ டவுன்லோட் ஃபோல்டரிலோ இருக்கிற, வாயில் நுழையாத பெயர் கொண்ட ஃபைலிடமிருந்து வந்தால் நானும் முதலாளி கட்சிதான். அவனை விசாரிக்க வேண்டியதுதான்.

மீதி ஒன்பதில் எட்டு, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியவை. இதைக் கேட்டதும் பதற வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரிலேயே பத்தாவது இருக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட் எப்படி வருகிறது? ஆதாரை பி.டி.எஃப்.ஆக இறக்கினால் என்ன கேட்கிறது? பெயரின் முதல் நாலு எழுத்து, பிறந்த வருஷம். எங்கள் எட்டும் அப்படித்தான். ஆறு பேங்க் ஸ்டேட்மென்ட், இரண்டு சம்பளப் பட்டியல். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினால் உள்ளே இருக்கிற சரக்கு தலைகீழாகக் குலுக்கப்பட்டு, வெறும் இரைச்சலாகிவிடும். உள்ளே அம்மா எழுதிய கடிதம் இருந்தாலும் இரைச்சல். ஆட்கொல்லி வைரஸ் இருந்தாலும் இரைச்சல். பாஸ்வேர்டை மாற்றினால் இரைச்சலும் மாறிவிடும். ஆன்ட்டி வைரஸ் எந்த அங்க அடையாளத்தைப் பார்க்கும், பாவம்!

வைரஸ் எழுதுகிற கில்லாடிகள் இதை எப்போதோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். 2004-ல் 'பேகிள்' என்று ஒரு புழு மெயில் வழியாக உலகத்தைச் சுற்றியது. பூட்டின ஜிப் ஃபைலாக வரும். மெயிலிலேயே பாஸ்வேர்டும் எழுதியிருக்கும். மெயில் வாசலில் நிற்கிற ஆன்ட்டி வைரஸ், பூட்டைப் பார்த்துவிட்டு, 'நமக்கென்ன' என்று விட்டுவிடும். அப்புறம் ஆன்ட்டி வைரஸ் கம்பெனிகள் விழித்துக்கொண்டு, மெயிலில் எழுதியிருக்கிற பாஸ்வேர்டைப் படித்துப் பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டன. பேகிள்காரன் என்ன செய்தான் தெரியுமா? பாஸ்வேர்டை எழுத்தாக எழுதாமல் படமாக ஒட்டி அனுப்பினான்! மனுஷன் படத்தைப் பார்த்துப் படித்துவிடுவான். அன்றைக்கு மெஷினுக்குப் படிக்க வராது. இந்த எலி-பூனை ஆட்டம் அதே மார்ச் மாசத்துக்குள் நடந்து முடிந்தது. மார்ச் மாசத்துக்கும் எனக்கும் அப்படி ஒரு ராசி.

இன்னொரு தேசத்துக் கூத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜப்பானில் ஆபீஸ் மரியாதை ஒன்று ரொம்ப நாளாக இருந்தது. ஃபைலை ஜிப் செய்து, பூட்டி, ஒரு மெயிலில் அனுப்புவார்கள். சற்று நேரம் கழித்து இன்னொரு மெயிலில், அதே விலாசத்துக்கு, பாஸ்வேர்டை அனுப்புவார்கள். இதற்கு 'பிபிஏபி' என்று கேலிப் பெயரே உண்டு. பூட்டையும் சாவியையும் ஒரே போஸ்ட்மேன் கையில், ஒரு மணி நேர இடைவெளியில் கொடுத்துவிட்டு, 'பத்திரமாக அனுப்பிவிட்டேன்' என்று நெஞ்சை நிமிர்த்துகிற காரியம். திருடனுக்கு இது தடை இல்லை. வாசலில் நிற்கிற ஆன்ட்டி வைரஸுக்கு மட்டும்தான் தடை. 2020-ல் 'இமோடெட்' என்கிற மகா கேடி இதே பூட்டின ஜிப் வேஷத்தில் வந்து, ஜப்பான் உட்படப் பல தேசங்களில் புகுந்து விளையாடியது. அந்த வருஷம் நவம்பரில் ஜப்பானின் டிஜிட்டல் துறை மந்திரி தகுயா ஹிராய், கேபினட் அலுவலகத்தில் இந்த வழக்கத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தார். ஒரு மந்திரி வந்து சொல்ல வேண்டியிருந்தது, பாருங்கள்!

(நம்மூரில் அந்த இரண்டாவது மெயில் கூட கிடையாது. பாஸ்வேர்டை அதே மெயிலில், அதுவும் தடித்த எழுத்தில் போடுவார்கள். சிக்கனம்!)

எட்டும் முப்பத்தெட்டும் நாற்பத்தாறு. நாற்பத்தேழாவது, எங்களுடைய பழைய மேனேஜர் விட்டுப்போன ஒரு பிரம்மாண்டமான ஜிப். உள்ளே ஜிப், அதற்குள் ஜிப். ஆன்ட்டி வைரஸ் நாலு படி இறங்கிப் பார்த்துவிட்டு, 'போதும்டா சாமி' என்று ஏறி வந்திருந்தது.

இது சோம்பேறித்தனம் இல்லை. '42 டாட் ஜிப்' என்று உலகப் பிரசித்தி பெற்ற ஒரு ஃபைல் உண்டு. எடை வெறும் 42 கிலோபைட். ஒரு சின்ன போட்டோ கூட அதைவிடப் பெரிசு. பிரித்தால் 16 ஜிப். ஒவ்வொன்றையும் பிரித்தால் மறுபடி 16. இப்படி ஐந்து அடுக்கு. அடியில் இருக்கிற ஒவ்வொரு ஃபைலும் நாலு ஜிபிக்கு மேல். கால்குலேட்டரை எடுங்கள்: பதினாறை ஐந்து தடவை பெருக்கினால் 10,48,576. மொத்தம் 4.5 பெட்டாபைட். அதாவது நாற்பத்தைந்து லட்சம் ஜிபி! இதைக் கடைசி வரை பிரித்துப் பார்க்கிறேன் என்று கிளம்புகிற ஆன்ட்டி வைரஸ் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அது செத்த நேரத்தில் நிஜத் திருடன் உள்ளே வரலாம். அதனால்தான் இத்தனை அடுக்குக்கு மேல் போகமாட்டேன், இத்தனை எடைக்கு மேல் தூக்கமாட்டேன் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கூகுள் டிரைவில் சினிமா டவுன்லோட் செய்யும்போது, 'ஃபைல் பெரிசாக இருக்கிறது, வைரஸ் சோதனை செய்ய முடியாது' என்று ஒரு அறிவிப்பு வருமே... 100 எம்பிக்கு மேல் போனால் வருகிற அறிவிப்பு அது. நாம் அதைப் படிக்காமலே கீழே இருக்கிற பட்டனை அமுக்கிவிடுவோம். படம் முக்கியம்.

மேனேஜரின் ஜிப்பில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? அவர் மகள் கல்யாண வீடியோ. மூன்று முகூர்த்தத்துக்கு ஆகிற மாதிரி ஷூட் செய்திருந்தார்கள்.

நாற்பத்தேழு பேரும் நிரபராதி என்று தீர்ப்பாகி, நாங்கள் நிமிர்ந்தபோது மணி ஒன்றேகால். முதலாளிக்கு லேசாக ஏமாற்றம். திருடன் அகப்படவில்லையே!

இப்போது நாலாவது டேபிளுக்கு வருகிறேன்.

பதினொன்றரை மணி வாக்கில் ஜூனியர் பையன் என்னிடம் வந்திருந்தான். "சார், நம்ம சப்ளையர்கிட்டேருந்து பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் வந்திருக்கு. ஜிப்பா இருக்கு. பாஸ்வேர்டு மெயில்லயே குடுத்திருக்காங்க. திறக்கட்டுமா?"

வருஷக் கடைசியில் பார்ட்டிகள் 'எங்கள் புத்தகப்படி உங்கள் பாக்கி இவ்வளவு' என்று கடிதம் அனுப்புவது சகஜம். நான் ஸ்க்ரீனை விட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னேன்: "ஸ்கேன் பண்ணிப் பாரு. ஒண்ணும் சொல்லலைன்னா திற."

"மெயில்ல மஞ்சளா ஏதோ வார்னிங் வருது சார்... சோதிக்க முடியலைன்னு."

"அது எல்லாத்துக்கும் வரும்ப்பா."

பையன் சொன்னதைச் செய்தான். ஃபைலைக் கணக்கு ஃபோல்டரில் இறக்கினான். ஸ்கேன் போட்டான். ஆன்ட்டி வைரஸ் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்வேர்டைப் போட்டுப் பிரித்தான். உள்ளே சிவப்பு பி.டி.எஃப். சின்னத்தோடு ஒரு லெட்ஜர். தட்டினான். திறக்கவில்லை. மறுபடி தட்டினான்.

அது பி.டி.எஃப். இல்லை. பி.டி.எஃப். சட்டை போட்ட புரோகிராம். பெயரின் கடைசியில் 'டாட் இ.எக்ஸ்.இ.' என்று வால் இருந்தது. தெரிந்த வகை ஃபைல்களின் வாலை மறைத்து வைப்பது விண்டோஸின் பிறவிக்குணம். நாமாகப் போய் அதை மாற்றினால்தான் வால் தெரியும். இத்தனைக்கும், சாதாரண ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே இருக்கிற ஃபைல்களின் பெயர்கள் வெளியே தெரியும். சரக்குதான் பூட்டப்பட்டிருக்கும், பட்டியல் கதவிலேயே ஒட்டியிருக்கும். பிரிக்காமலேயே அந்த வாலைப் பார்த்திருக்கலாம். (ஆர்.ஏ.ஆர்., செவன்-ஜிப் ரகங்களில் பெயரையும் சேர்த்துப் பூட்ட முடியும். பட்டியலையே காட்டாத பெட்டி என்றால் இரட்டிப்பு ஜாக்கிரதை.)

நியாயமாக உங்களுக்கு ஒரு கேள்வி வர வேண்டும். பூட்டியிருக்கும்போது பார்க்க முடியாது, சரி. பிரித்ததும் பூட்டு போய்விட்டதே? வெளியே வந்த புரோகிராமை ஆன்ட்டி வைரஸ் அந்த விநாடியே பிடித்திருக்க வேண்டாமா?

வேண்டும். அதற்கென்றே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிற காவல் ஒன்று உண்டு. பூட்டின ஜிப் தானாக எழுந்து யாரையும் கடிக்காது. பிரிக்கிற கணம்தான் ஆபத்து. அந்தக் கணத்தில்தான் காவலும் விழிக்கும். எங்கள் ஆபீஸில் ஏன் விழிக்கவில்லை?

இங்கேதான், ஸ்கேன் ரிப்போர்ட்டில் வராத ஆசாமிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாற்பத்தேழாவது, 'என்னைப் பார்க்க முடியவில்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றவை. பட்டியலுக்கே வராதவை இரண்டு ரகம்.

ஒன்று, ஒளிந்துகொள்வது. இது வைரஸ் எவ்வளவு பழசோ அவ்வளவு பழசு. 1986-ல் லாகூரில் அல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்', பி.சி.க்களைப் பிடித்த முதல் வைரஸ். ஃப்ளாப்பியின் முதல் பகுதியில் குடியிருக்கும். யாராவது அந்த இடத்தைப் படிக்க வந்தால், எடுத்து ஒளித்து வைத்திருக்கும் பழைய ஒரிஜினலைக் காட்டும்! (ஆனால் உள்ளே தங்கள் கடை விலாசம், போன் நம்பரெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள் சகோதரர்கள். அந்தக் காலத்துத் திருடர்களுக்குக் கூட ஒரு நேர்மை.) 2005-ல் சோனி பி.எம்.ஜி. சில இசை சி.டி.க்களில் காப்பி அடிப்பதைத் தடுக்கிறேன் என்று ஒரு சாஃப்ட்வேரைச் சேர்த்து விற்றது. அது கம்ப்யூட்டரில் உட்கார்ந்ததும், டாலர் குறி, 'சிஸ்', மறுபடி டாலர் குறி என்று பெயர் ஆரம்பிக்கிற எந்த ஃபைலையும் விண்டோஸின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். மார்க் ருஸினோவிச் என்பவர் கண்டுபிடித்து எழுதினார். அடுத்த சில நாட்களிலேயே மற்ற திருடர்களும் தங்கள் ஃபைலுக்கு அதே மாதிரி பெயர் வைத்து, சோனியின் குடைக்குள் நின்றுகொண்டார்கள். சி.டி.க்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இரண்டாவது ரகத்துக்கு லாகூரும் வேண்டாம், சோனியும் வேண்டாம். 'இந்த ஃபோல்டரைப் பார்க்காதே' என்று நாமே ஆன்ட்டி வைரஸுக்குச் சொல்லிவைப்பது. எக்ஸ்க்ளூஷன் என்பார்கள். கணக்கு சாஃப்ட்வேர் வைத்திருக்கிற ஆபீஸ்களில் இது ரொம்ப சகஜம். ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஆன்ட்டி வைரஸ் எட்டிப் பார்த்தால் சாஃப்ட்வேர் தவழும். நாமும் பொறுமை இழந்து, 'அந்தப் பக்கம் போகாதே' என்று சொல்லிவிடுவோம். அப்புறம் அந்த ஃபோல்டருக்குள் யானையே நுழைந்தாலும் ரிப்போர்ட்டில் வராது. நாற்பத்தெட்டாவதாகக் கூட எண்ண மாட்டார்கள்.

எங்கள் டி டிரைவில் கணக்கு ஃபோல்டர் மொத்தமும் 2019-லிருந்து அந்தப் பட்டியலில் இருந்தது. பையன் ஜிப்பை இறக்கியதும் பிரித்ததும் அதற்குள்தான்.

ஒன்றரை மணிக்கு நான் தயிர்சாதத்தைத் திறந்தபோது, "சார், என் ஃபைலெல்லாம் வெள்ளை வெள்ளையா ஆயிடுச்சு" என்றான். ஒவ்வொரு ஃபைலுக்கும் புரியாத ஒரு வால் முளைத்திருந்தது. ஒயரைப் பிடுங்குவதற்குள் அவனுடைய மெஷின், சர்வரின் டி டிரைவ் இரண்டும் போயிற்று. பேக்-அப் எடுக்கிற பென் டிரைவ்? பத்திரமாக இருக்கட்டும் என்று சர்வரிலேயே எப்போதும் சொருகி வைத்திருந்தோம். அதுவும் போயிற்று. இவ்வளவு பணம் அனுப்பு, சாவி தருகிறோம் என்று ஒரு கடிதம் மட்டும் மிச்சம். நாங்கள் அனுப்பவில்லை.

முதலாளி வீட்டு பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதில் மார்ச் 4 வரைக்கும் கணக்கு இருந்தது. நல்லவேளை, வவுச்சர்கள் காகிதம். காகிதத்துக்கு இந்த வைரஸ் பிடிக்காது. இருபத்தைந்து நாள் என்ட்ரிகளை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மறுபடி அடித்தோம். ஏப்ரல் 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போக வேண்டும். வருகைப் பதிவும் அட்வான்ஸ் கணக்கும் போய்விட்டதால் சம்பளம் ஏழாம் தேதிதான் போட முடிந்தது. கோடவுனில் மூட்டை தூக்குகிறவர்கள் அந்த ஏழு நாளும் என்னிடம் வந்து, கோபமில்லாமல், "இன்னைக்கு வந்துருமா சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். திட்டியிருந்தால் தேவலாம்.

"அந்தப் பையனை அனுப்பிடு" என்றார் முதலாளி, அன்று சாயங்காலமே. "கண்ட மெயிலைத் திறக்கிறவன் நமக்கு வேணாம்."

பையன் தன் டேபிளில் உட்கார்ந்து அழியாத ஃபைல் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். நான் 'ஆகட்டும் சார்' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம் சார்' என்றும் சொல்லவில்லை. டிஸ்க்ளெய்மர்!

இரண்டாம் நாள் சிஸ்டம் தம்பி அந்த எக்ஸ்க்ளூஷன் பட்டியலைத் திறந்து காட்டினார். மெதுவாக, முதலாளிக்குக் கேட்காத மாதிரி, "இது நீங்கதான் சார் போடச் சொன்னீங்க. சாஃப்ட்வேர் தவழுதுன்னு" என்றார். எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் சொல்வதற்கு முன்னாலேயே ஞாபகம் இருந்தது.

மூன்றாம் நாள் காலை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். திறக்கச் சொன்னது நான். மஞ்சள் வார்னிங்கைத் தள்ளச் சொன்னது நான். அந்த ஃபோல்டரைப் பார்க்காதே என்று சொல்லிவைத்ததும் நான். பையன் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் திறந்தான்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. ரெண்டு நாளா ஏன் சொல்லலை?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. பையனுக்கு ப்ரொபேஷனை இரண்டு மாசம் நீட்டினார். எனக்கு ஏப்ரல் மாசச் சம்பளம் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அங்கே சில மாற்றங்கள். எக்ஸ்க்ளூஷனிலிருந்து ஃபோல்டர் மொத்தத்தையும் எடுத்துவிட்டு, கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா ஃபைல்களை மட்டும் விட்டு வைத்தோம். மெயிலில் வருவது எதுவும் அந்தப் பக்கமே போகக் கூடாது. டிஃபெண்டர் வைத்திருப்பவர்கள் 'வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்‌ஷன்', 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்று போய்க் கடைசியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற இடத்தை ஒரு தடவை பாருங்கள். யார், எப்போது, எதற்காகப் போட்டது என்று தெரியாத ஒன்றாவது இருக்கும். பேக்-அப் டிஸ்க், காப்பி முடிந்த கையோடு பிடுங்கப்பட்டு பீரோவுக்குப் போகிறது. பூட்டின ஃபைல் வந்தால் அனுப்பியவருக்கு போன். மெயிலில் இருக்கிற நம்பருக்கு இல்லை, நம் டைரியில் இருக்கிற நம்பருக்கு. சந்தேகம் வந்தால் இலவசமாகச் சோதித்துத் தரும் வெப்சைட்டில் ஏற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். சம்பளப் பட்டியல், பேங்க் ஸ்டேட்மென்ட்டையெல்லாம் அங்கே ஏற்றாதீர்கள். அங்கே போடுவதைப் பார்க்க வெளியாட்களுக்கும் வழி உண்டு.

இப்போது நான் அந்தக் கம்பெனிக்குப் போவதில்லை. பையன் அங்கேதான் இருக்கிறான். அக்கவுன்ட்ஸ் முழுக்க அவன் பொறுப்பு. போன மாசம் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்தான்.

"சார், நம்ம ஆடிட்டர் ஆபீஸ்லேருந்து ஒரு ஜிப். பூட்டியிருக்கு. டைரியில இருக்கிற நம்பருக்கு போன் போட்டேன் சார், நீங்கதான் அனுப்பினீங்களான்னு கேட்டேன்."

"பேஷ். என்ன சொன்னார்?"

"செம திட்டு சார். நாப்பது வருஷமா ஆடிட் பண்றேன், என்னையே சந்தேகப்படறியாங்கறார். பாஸ்வேர்டைப் பெரிசா, போல்டுல, மெயில்லயே போட்டிருக்கேனே, கண்ணு தெரியலையாங்கறார்."